கீழ் மாடியில குழாய் வெடிச்சா ஹோஸை மட்டும் மாத்தாதீங்க, பிரஷரை அளந்து பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்க சென்னையில பழைய மகாபலிபுரம் ரோட்டுப் பக்கம் ஒரு 16 மாடி அபார்ட்மெண்ட்ல ரெண்டாவது மாடியில இருக்கோம். தண்ணி வரல, தண்ணி பத்தல, லாரி தண்ணி விலை ஏறிடுச்சுன்னு உங்க பேப்பருக்கு வர்ற கடிதங்களை எல்லாம் நான் விடாம படிக்கிறவ. ஆனா தண்ணி அளவுக்கு மீறின வேகத்துல வந்து வீட்டைக் கெடுக்கிறதைப் பத்தி யாரும் எழுதி நான் பார்த்ததில்ல, அதான் நானே எழுதுறேன். கொஞ்சம் நீளமா போயிடுச்சு. இடம் இல்லன்னு குறைக்கிறதா இருந்தா எங்க வேணா குறைச்சுக்கோங்க, கீசர் பத்தி எழுதியிருக்கிற பகுதியை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க.

ஒரு கல்யாணத்துக்காக வீட்டைப் பூட்டிட்டு 3 நாள் திருநெல்வேலி போயிருந்தோம். ரெண்டாவது நாள் விடியக்காலை செக்யூரிட்டி போன் பண்றாரு, அம்மா உங்க வாசக் கதவு அடியில இருந்து தண்ணி வழிஞ்சு படிக்கட்டுல இறங்குதுன்னு. பக்கத்து வீட்டு அக்கா தான் ஓடிப்போய் பைப்பெல்லாம் போற ஷாஃப்ட் கதவைத் திறந்து எங்க வீட்டு மெயின் வால்வை அடைச்சாங்க, அவங்க இல்லன்னா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பார்க்கவே முடியல. வாஷ்பேசின் அடியில ஆங்கிள் காக்ல இருந்து, அதான் செவத்துல இருக்கிற சின்ன வால்வு, அதுல இருந்து குழாய்க்குப் போகுமே, சுத்தி ஸ்டீல் பின்னல் போட்ட சின்ன ஹோஸ், அது வெடிச்சிருக்கு. ராத்திரி முழுக்க தண்ணி ஓடியிருக்கு. பிளைவுட் வார்ட்ரோப் அடிப்பக்கம் ஊறி பொரி மாதிரி உப்பிடுச்சு, எங்க அம்மா எனக்குக் கொடுத்த கூறைப்புடவை அதுக்குள்ள தான் இருந்துச்சு, சாயம் ஓடிப்போச்சு. அதைவிட மனசு கஷ்டப்பட்டது என்னன்னா தண்ணி லிஃப்ட் குழிக்குள்ள இறங்கி லிஃப்ட் ரெண்டு நாள் ஓடல, 9ஆவது மாடியில டயாலிசிஸ் போயிட்டு வர்ற பெரியவர் ஒருத்தர் இருக்காரு, அவரை நாற்காலியில உட்கார வச்சு 4 பேர் தூக்கி இறக்கினாங்க.

பிளம்பர் வந்து பார்த்துட்டு ஹோஸ் டூப்ளிகேட் மா, நல்ல கம்பெனி போட்டிருந்தா இப்படி ஆகாதுன்னாரு. சரின்னு வீட்டுல இருக்கிற 7 ஹோஸையும் ஒரே நாள்ல மாத்தினோம். 3 வாரம் கூட ஆகல, ஹெல்த் ஃபாசெட் பைப் கழுத்துல பிச்சுக்கிச்சு, நல்லவேளை நாங்க வீட்டுல இருந்தோம். அப்புறம் ஃப்ளஷ் டேங்க் ராத்திரியில "ஸ்ஸ்ஸ்"னு சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சு, உள்ள இருக்கிற மிதவை வால்வால தண்ணியைப் பிடிச்சு நிறுத்த முடியல. ஷவர் மிக்ஸர் சொட்டுச்சு, அதுக்குள்ள தண்ணியைத் திறந்து மூடுற கார்ட்ரிட்ஜை மாத்தினோம், ஒரு மாசத்துல திரும்ப சொட்டுச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு காரணம் சொன்னாங்க, ஹோஸ் மட்டம், ஃபாசெட் மட்டம், உப்புத் தண்ணி, கார்ட்ரிட்ஜ் சரியில்ல. 4 பொருள் ஒரே சமயத்துல ஏன் மட்டமாச்சுன்னு அப்ப கேட்கணும்னு தோணல.

அடுத்து வந்த பிளம்பர் தம்பி பிரஷர் ஜாஸ்தியா இருக்குக்கா, மெயின் வால்வைப் பாதி மூடி வச்சிடுறேன், சரியாயிடும்னு சொல்லி மூடிட்டுப் போனாரு. குழாயைத் திறந்தா தண்ணி மெதுவா வந்துச்சு, எங்களுக்கும் திருப்தியா இருந்துச்சு. 10 நாள் கழிச்சு ராத்திரி 2 மணிக்கு கிச்சன் சிங்க் ஹோஸ் போச்சு. பாதி மூடின வால்வோட.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா நான் பார்த்தவரை முக்கால்வாசி வீட்டுல பண்றது இதைத்தான், இதால ஒரு பிரயோஜனமும் இல்ல. வால்வைப் பாதி மூடினா தண்ணி ஓடுற வேகம் தான் குறையும், குழாயெல்லாம் அடைச்சு வச்சிருக்கிறப்ப உள்ள இருக்கிற அழுத்தம் ஒரு பொட்டு குறையாது. ரெண்டு குடத்தை எடுத்து அடியில ஒரு மெல்லிசான டியூபால இணைச்சுப் பாருங்க, ஒண்ணுல தண்ணி ஊத்தினா இன்னொண்ணுல மெதுவா தான் ஏறும், ஆனா கொஞ்ச நேரம் விட்டா ரெண்டுலயும் மட்டம் ஒண்ணாத்தான் நிக்கும். டியூப் மெல்லிசா இருக்கிறதால ரெண்டாவது குடம் பாதியிலயே நின்னுடாது. நம்ம வீட்டுப் பைப்பும் அப்படித்தான், யாரும் குழாயைத் திறக்காம இருந்தா போதும், மேல டேங்க்ல இருந்து வர்ற முழு அழுத்தமும் அந்தப் பாதி வால்வு வழியா வந்து உட்கார்ந்துக்கும். ராத்திரி நேரத்துலயும், வீடு பூட்டியிருக்கிறப்பவும் ஹோஸ் வெடிக்கிறதுக்கு இதுதான் காரணம். அந்த நேரத்துல தானே யாரும் குழாய் திறக்கிறதில்ல.

அந்த அழுத்தம் எவ்வளவுன்னு கணக்குப் போடறது ரொம்ப சுலபம், பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணி நின்னா அடியில ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம், பிளம்பருங்க சும்மா 1 கிலோன்னு சொல்லுவாங்க, சில மீட்டர்ல பி.எஸ்.ஐ கணக்குல இருக்கும், 1 கிலோன்னா 14 பி.எஸ்.ஐ சொச்சம். டேங்க் பெருசா இருக்கிறதால பிரஷர் ஜாஸ்தின்னு எங்க பிளாக்ல நிறைய பேர் சொன்னாங்க, அது தப்பு, ஆயிரம் லிட்டர் டேங்கா இருந்தாலும் ஒரு லட்சம் லிட்டர் டேங்கா இருந்தாலும் உயரம் ஒண்ணுன்னா அழுத்தமும் ஒண்ணுதான். எங்க வீட்டுக் கணக்கு இது: ரெண்டாவது மாடித் தரையில இருந்து மொட்டை மாடி வரைக்கும் 15 மாடி, மாடிக்கு 3 மீட்டர்னா 45 மீட்டர், அதுக்கு மேல டேங்க் நிக்கிற மேடையும் உள்ள இருக்கிற தண்ணி உயரமும் சேர்த்தா 48 மீட்டருக்கு மேல. அதாவது 4.8 கிலோ. வீட்டுக் குழாய்க்கு ஒண்ணரையில இருந்து 3 கிலோ இருந்தா தாராளம், ஷவர் நல்லா வரும், எதுவும் கெடாது.

எங்க அண்ணன் ஒரு ஃபேக்டரியில பாய்லர் பக்கம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். போன்ல நான் புலம்பினதைக் கேட்டுட்டு அவர் சொன்ன ஒரே வார்த்தை, அளந்து பாரு தங்கச்சி, அளக்காம ஒரு சாமானும் வாங்காத. ஹார்டுவேர் கடையில 0 முதல் 10 கிலோ வரைக்கும் காட்டுற பிரஷர் கேஜ் ஒண்ணும், அதை அரை இன்ச் ஆங்கிள் காக்ல மாட்டுறதுக்கு ஒரு ரெட்யூசர் சாக்கெட்டும், கொஞ்சம் டெஃப்லான் டேப்பும் வாங்கினேன், எல்லாம் சேர்த்து 500 ரூபாய் கூட ஆகல. ஹெல்த் ஃபாசெட் பைப்பைக் கழட்டிட்டு அந்த ஆங்கிள் காக்லயே கேஜை மாட்டி, வீட்டுல மத்த எல்லாக் குழாயையும் அடைச்சிட்டு, காக்கை மெதுவா திறந்தா முள்ளு நேரா 4.8ல போய் நின்னுச்சு.

அண்ணன்கிட்ட சொன்னேன். கணக்குல வந்த நம்பரும் முள்ளு காட்டுற நம்பரும் ஒண்ணா இருக்குன்னா நடுவுல எதுவுமே தடுக்கலன்னு அர்த்தம், 16 மாடி கட்டிடத்துல கீழ் மாடிகளுக்குன்னு பி.ஆர்.வி போட்டிருப்பாங்க, அதைத் தேடுன்னாரு. பி.ஆர்.வின்னா பிரஷரைக் குறைச்சு அனுப்புற வால்வு. உள்ள ஒரு ஸ்பிரிங்கும் ரப்பர் டயஃப்ரமும் இருக்கும், வெளியில போற பக்கம் நாம வச்ச அளவை எட்டினதும் அதுவா மூடிக்கும், யாராவது குழாய் திறந்து அழுத்தம் இறங்கினா அதுவா திறக்கும். பாதி மூடின மெயின் வால்வுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான், தண்ணி ஓடாம நிக்கிறப்பவும் இது அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கும்.

அதுக்கப்புறம் எங்க பிளாக் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு கேள்வி போட்டேன், கடந்த 4 மாசத்துல யார் யார் வீட்டுல ஹோஸ், குழாய், கீசர் பிரச்சனை வந்துச்சு, மாடி நம்பரோட சொல்லுங்கன்னு. அன்னைக்கு ராத்திரிக்குள்ள 14 பேர் பதில் போட்டாங்க. ஒண்ணாவது மாடியில கீசர்ல தண்ணி சொட்டுது, மூணாவது மாடியில வாஷிங் மெஷின் பைப் குழாயை விட்டுக் கழண்டு தெறிச்சிருக்கு, அஞ்சாவதுல ஆர்.ஓ மெஷின் உள்ள டியூப் பிடுங்கிட்டு கிச்சன் முழுக்கத் தண்ணி. 14 பேரும் 1 முதல் 6 வரைக்கும் உள்ள மாடி. 7ஆவது மாடிக்கு மேல ஒருத்தர் கூட இல்ல. ஒவ்வொரு வீட்டுலயும் தனித்தனியா கம்பெனியைக் குறை சொல்லிட்டு தனித்தனியா காசு செலவு பண்ணிட்டு இருந்திருக்கோம், மாடி வாரியா எழுதிப் பார்த்தப்ப தான் எல்லாமே ஒரே கோளாறுன்னு தெரிஞ்சது.

மறுநாள் செகரெட்டரியையும் பிளம்பர் தம்பியையும் கூட்டிக்கிட்டு 6ஆவது மாடி ஷாஃப்ட் கதவைத் திறந்தோம். பி.ஆர்.வி அங்கதான் இருந்துச்சு, தூசி மூடி. அதுக்கு முன்னாடி ஒரு வால்வு, பின்னாடி ஒரு வால்வு, இது மூணையும் சுத்திக்கிட்டு தனியா ஒரு பைப் போகும், அதுல ஒரு வால்வு, அதைத்தான் பைபாஸ்ங்கிறாங்க. பி.ஆர்.வியைக் கழட்டி கிளீன் பண்றப்ப மாடிகளுக்குத் தண்ணி நிக்காம இருக்கிறதுக்காக அந்த வழியை வைக்கிறாங்க, வேலை முடிஞ்சதும் மூடிடணும். அது முழுசா திறந்து கிடந்துச்சு. மெயின்டனன்ஸ் நோட்டை எடுத்துப் பார்த்தா 4 மாசம் முன்னாடி பி.ஆர்.வியோட வடிகட்டி வலை கிளீன் பண்ணதா எழுதியிருக்கு, எங்க வீட்டு ஹோஸ் வெடிச்சது அதுல இருந்து சரியா 11ஆவது நாள். கிளீன் பண்ணவங்க பைபாஸை மூட மறந்துட்டாங்க. பி.ஆர்.விக்கு ரெண்டு பக்கமும் கேஜ் இருந்துச்சு, ஒண்ணுக்கு கண்ணாடி இல்ல, இன்னொண்ணோட முள்ளு துருப்பிடிச்சு ஒரே இடத்துல நிக்குது. அந்த ரெண்டும் வேலை செஞ்சிருந்தா மறந்ததை அன்னைக்கே பார்த்திருக்கலாம்.

பைபாஸை மூடினதும் எங்க வீட்டு கேஜ் 4.8ல இருந்து இறங்கி 2.4ல நின்னுச்சு. ஆறாவது மாடி உயரத்துல 1.2 வச்சிருக்காங்க, அங்கிருந்து எங்க வீட்டுக்கு 4 மாடி, 12 மீட்டர், அது 1.2, கூட்டினா 2.4, கணக்கு அப்படியே வந்துச்சு.

அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன், முடியல. ஃப்ளஷ் டேங்க் ராத்திரி மட்டும் திரும்ப சத்தம் போட்டுச்சு. கேஜை நான் கழட்டாம வச்சிருந்தது நல்லதாப் போச்சு. ராத்திரி 11 மணிக்கு 2.6, ஒரு மணிக்கு 3.3, மூணு மணிக்கு 4.1, காலையில நாலரைக்கு கீழ்வீட்டுல யாரோ குழாயைத் திறந்ததும் படக்குனு 2.4க்கு இறங்கிடுது. ரெண்டு ராத்திரி அலாரம் வச்சு எழுந்து எழுதி வச்சேன். பகல்ல எப்பப் பார்த்தாலும் சரியா இருக்கும், அதனால பகல்ல மட்டும் வந்து பார்க்கிற பிளம்பருக்கு இது கண்ணுல படவே படாது. அண்ணன்கிட்ட நம்பரைச் சொன்னதும் வால்வு உட்கார்ற இடத்துல அழுக்கு இருக்கு, முழுசா மூட மாட்டேங்குது, பொட்டுப் பொட்டா கசியுதுன்னாரு. பகல்ல எங்கயாவது ஒரு குழாய் திறந்தே இருக்கும், கசியுறது அதுல போயிடும், ராத்திரி போக வழி இல்லாம சேர்ந்துக்கிட்டே போகும். பிரிச்சுப் பார்த்தா ரப்பர் சீட்ல கல்லு மாதிரி சுண்ணாம்புப் படிவு, கூடவே ஒரு துண்டு டெஃப்லான் டேப். எங்க பக்கம் போர் தண்ணியும் லாரி தண்ணியும் தான், ரெண்டும் கடுந்தண்ணி, படியாம என்ன செய்யும். ரப்பர் கிட் மாத்தினாங்க, ஆறு மாடிக்கு அரை மணி நேரம் தண்ணி நிறுத்தினாங்க, அவ்வளவுதான் வேலை. இப்ப ராத்திரி 3 மணிக்கும் 2.4 தான்.

பி.ஆர்.வியோட ஸ்க்ரூவைத் திருப்பி அளவைக் கூட்டலாம் குறைக்கலாம், பொதுவா இடம் சுத்தினா குறையும் வலம் சுத்தினா கூடும், ஆனா அபார்ட்மெண்ட்ல அதை ஒரு வீட்டுக்காரர் தன் வசதிக்குத் தொடக்கூடாது, மேல ஒருத்தருக்கு ஷவர் வரலன்னு இங்க திருகினா கீழ 5 மாடிக்கும் ஏறும்.

இப்ப கீசர். ஒண்ணாவது மாடி அக்கா வீட்டுல கீசர்ல இருந்து சொட்டுச்சுன்னு சொன்னேன் இல்லையா, அவங்க வீட்டுக்கு வந்த ஒரு ஆள் அந்த சொட்டுற வாயை எம் சீல் வச்சு அடைச்சிட்டுப் போயிருக்காரு. அதைக் கேட்டதும் அண்ணனுக்குக் குரலே மாறிடுச்சு, உடனே ஸ்விட்சை அமர்த்தச் சொல்லு, இப்பவே போய் சொல்லுன்னாரு, ஓடினேன். அந்த வாய் சேஃப்டி வால்வோட வாய். தண்ணி சூடானா விரியும், 25 லிட்டர் கீசர்ல 25 டிகிரி தண்ணி 60 டிகிரிக்குப் போனா ஏறக்குறைய 350 மில்லி கூடுதலாகும். கீசருக்குள்ள போற வழியில தண்ணி திரும்பிப் போகாத வால்வு இருக்கிறதால அந்த 350 மில்லிக்குப் போக்கிடம் இல்ல, அழுத்தம் ஏறும், அது எல்லையைத் தாண்டாம கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடறதுக்குத்தான் அந்த வால்வு. சூடாகுற நேரத்துல மட்டும் சொட்டிட்டு நின்னுட்டா அது தன் வேலையைச் செய்யுதுன்னு அர்த்தம். கீசர் ஆஃப்ல இருக்கிறப்பவும் நாள் பூரா சொட்டினா லைன்ல பிரஷர் அதிகம், இல்ல அந்த வால்வுக்குள்ள உப்பு படிஞ்சிருக்கு, ரெண்டுல எதுன்னு கேஜ் போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும்.

எப்படி இருந்தாலும் அடைக்கவே கூடாது. தெர்மோஸ்டாட் என்னைக்காவது கெட்டு சூடு ஏறிக்கிட்டே போனா கடைசியா காப்பாத்துறது அந்த வால்வு தான், அதுவும் இல்லன்னா டேங்க் கிழியும், கிழிஞ்ச நொடியில கொதிநிலைக்கு மேல இருக்கிற தண்ணி ஆவியாகும், தண்ணி ஆவியாறப்ப 1,600 மடங்குக்கு மேல விரியும். குளிக்கிற ஆள் தலைக்கு மேல மாட்டியிருக்கிற டேங்க் அது. அதனால அந்த வாய்க்கு ஒரு சின்ன பைப் போட்டு கீழ நோக்கி டிரெய்ன் பக்கம் திருப்பி விடுங்க, நுனியைத் திறந்தே வைங்க. வாங்கும்போது உயரமான கட்டிடத்துக்குன்னு கேட்டு 8 பார் தாங்குறதா பெட்டியில போட்டிருக்கான்னு பாருங்க, பார்ங்கிறது கிட்டத்தட்ட இந்த கிலோ கணக்கு தான். சுடுதண்ணி போற சி.பி.வி.சி பைப்பும் அப்படித்தான், எஸ்.டி.ஆர் 11னு போட்ட பைப் (எஸ்.டி.ஆர்ங்கிறது பைப்போட கனத்தைக் காட்டுற நம்பர்) 23 டிகிரியில 28 கிலோ வரைக்கும் தாங்கும், அதே பைப் 82 டிகிரியில 7 கிலோ தான் தாங்கும். பச்சைத் தண்ணி லைன்ல சமாளிக்கிற அழுத்தம் சுடுதண்ணி லைன்ல சமாளிக்காது.

தனி வீட்டுக்காரங்களுக்கு இது வராதுன்னு நினைக்க வேண்டாம். ரெண்டு மாடி வீட்டுல மொட்டை மாடி டேங்க்ல இருந்து 1 கிலோ கூட வராது தான், அதனாலயே பிரஷர் பம்ப் மாட்டுறாங்க, பிரச்சனை அங்க ஆரம்பிக்குது. கோயம்புத்தூர்ல எங்க சித்தி வீட்டுல மழை மாதிரி ஷவர் வேணும்னு பம்ப் மாட்டினாங்க, மாடியில இருந்த சோலார் ஹீட்டரோட தண்ணி லைனும் அந்தப் பம்ப்போட சேர்ந்திடுச்சு. கண்ணாடிக் குழாய் போட்ட சாதா சோலார் டேங்க் அழுத்தம் தாங்குற டேங்க் இல்ல, மேல காத்துப் போற குழாயோட சும்மா நிறைஞ்சு நிக்கிறதுக்காகச் செஞ்சது, டேங்க் சீம்ல பிரிஞ்சு ஒழுக ஆரம்பிச்சிடுச்சு. சோலார் இருந்தா பம்ப் மாட்டுறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. இன்னொண்ணு, பம்ப்போட ஒரு சின்ன உருண்டை டேங்க் இருந்தா அதுக்குள்ள ரப்பர் பையும் காத்தும் இருக்கும், காத்து இறங்கிட்டா பம்ப் நொடிக்கொருதரம் ஆன் ஆஃப் ஆகும், ஒவ்வொரு தடவையும் லைன்ல ஒரு அடி விழும். பம்பை நிறுத்தி, குழாயைத் திறந்து தண்ணியை வடிச்சிட்டு, டயருக்குக் காத்துப் பார்க்கிற கேஜை வச்சே பார்க்கலாம், பம்ப் ஆன் ஆகுற அளவுக்கு ஒரு 0.2 கிலோ கம்மியா இருந்தா சரி.

குழாயை மூடினதும் செவத்துக்குள்ள "டம்"னு சத்தம் வருதா, அது வேற விஷயம், ஓடுற தண்ணி திடீர்னு நின்னு முட்டுற அடி. கால் திருப்புல மூடுற குழாயும் வாஷிங் மெஷின் வால்வும் தான் இதை அதிகம் பண்ணும். பிரஷரைக் குறைச்சா ஓட்டம் குறையும், அடியும் குறையும், பைப்பை கிளாம்ப் போட்டு இறுக்கினா இன்னும் அடங்கும். ஹெல்த் ஃபாசெட்டுக்கு ஒண்ணே ஒண்ணு தான், உபயோகிச்சதும் ஆங்கிள் காக்கை மூடிடுங்க, அந்த மெல்லிசு பைப் நாள் முழுக்க அழுத்தத்துல இருக்க செஞ்சதில்ல. ஊருக்குப் போறப்ப கேஸை மூடுற மாதிரி மெயின் வால்வையும் முழுசா மூடிட்டுப் போங்க.

தண்ணி வீணாகுறதையும் சொல்லணும். அழுத்தம் ரெண்டு மடங்கானா அதே குழாயில அதே திருப்புக்கு 1.4 மடங்கு தண்ணி வரும். 2.4 இருக்க வேண்டிய இடத்துல 4.8, அப்படின்னா எங்க மாடி வீடுகள்ல பல் தேய்க்கிற நேரம், பாத்திரம் கழுவுற நேரம் எல்லாம் 10 லிட்டருக்கு பதிலா 14 லிட்டர் 4 மாசமா போயிருக்கு. 2019ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு இந்த ரோட்டுல லாரிக்காக ராத்திரி கண் விழிச்சு நின்னவங்க நாங்க. காசு கொடுத்து வாங்கின தண்ணியை யாருக்கும் தெரியாம இப்படி விட்டிருக்கோம்னு நினைச்சா வயிறு எரியுது.

இப்ப நான் கேட்கிறது பெருசா ஒண்ணுமில்ல. பில்டர் வீட்டை ஒப்படைக்கிறப்ப நீச்சல் குளம் எங்க, ஜிம் எங்கன்னு காட்டுற மாதிரி, எந்த மாடியில பி.ஆர்.வி இருக்கு, எந்த மாடிகளுக்கு எவ்வளவு கிலோ வச்சிருக்கு, பைபாஸ் எதுன்னு ஒரு தாள்ல எழுதி அசோசியேஷன் கையில கொடுக்கணும். எங்களுக்கு அப்படி ஒரு தாள் யாரும் தரல, நாங்களும் கேட்கத் தெரியாம இருந்துட்டோம். கீழ் மாடிக்கு பி.ஆர்.வியே போடாம விட்டிருந்தா, புது கட்டிடமா இருந்தா சும்மா இருக்காதீங்க. 2016 ரியல் எஸ்டேட் சட்டம் 14ஆவது பிரிவுல, வீடு ஒப்படைச்ச தேதியில இருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டுமானத்துலயோ வேலைத் தரத்துலயோ வசதிகள் செஞ்சு கொடுத்ததுலயோ குறை இருந்து எழுதிக் கொடுத்தா, 30 நாளுக்குள்ள கட்டணம் வாங்காம சரி செஞ்சு தரணும்னு இருக்கு. தண்ணி லைனும் அந்த வசதிகள்ல ஒண்ணுதானே. மாடி வாரியா கேஜ் ரீடிங் எழுதி போட்டோ எடுத்து இணைச்சுக் கொடுங்க, ஹோஸ் வெடிச்சுடுச்சுன்னு வெறும் வாயால சொன்னா ஹோஸ் கம்பெனியைக் கேளுங்கன்னு அனுப்பிடுவாங்க.

வாடகைக்கு இருக்கிறவங்க இதுல இன்னும் பாவம். மூணாவது மாடியில வாஷிங் மெஷின் பைப் தெறிச்ச வீட்டுல வாடகைக்கு இருக்கிற பொண்ணுகிட்ட ஓனர் நீங்க சரியா மாட்டலன்னு சொல்லி அட்வான்ஸ்ல பிடிக்கிறதா இருந்தாரு. எங்க ரீடிங்கை அவர்கிட்ட காட்டின பிறகு தான் விட்டாரு. இந்த மாதிரி எத்தனை பேர் தன் தப்பு இல்லாத ஒண்ணுக்குக் காசு கட்டியிருப்பாங்களோ.

எங்க பிளாக்ல இப்ப பி.ஆர்.விக்கு ரெண்டு பக்கமும் புது கேஜ் போட்டாச்சு, பைபாஸ் வால்வுக்கு சிவப்புப் பெயிண்ட் அடிச்சு "மூடியே இருக்கணும்"னு அட்டை கட்டியாச்சு, ராத்திரி ரவுண்டு வர்ற செக்யூரிட்டி அண்ணன் மாசம் ஒரு தடவை 3 மணிக்கு ரீடிங் எடுத்து நோட்டுல எழுதுறாரு, 6 மாசத்துக்கு ஒரு தடவை வலையைக் கழட்டிக் கழுவணும்னு முடிவு பண்ணியிருக்கோம். என் கேஜ் செகரெட்டரி ஆபீஸ்ல தான் இருக்கு, பிளாக்ல யார் கேட்டாலும் வாங்கிட்டுப் போய் மாட்டிப் பார்த்துட்டுக் கொண்டு வந்து வைக்கிறாங்க. இந்தக் கடிதத்தைப் படிக்கிற கீழ் மாடிக்காரங்க உங்க பிளாக்லயும் ஒண்ணு வாங்கி வைங்க, முதல் ரீடிங்கை ராத்திரியில எடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை.